வீட்டு வேலை போதாதா?

பாரிவாக்கத்துத் தாய்மார்களிடம் தேகப்பயிற்சி என்று பேச்செடுத்தால், "விடிஞ்சதிலேர்ந்து வேலைதானே சார், தனியா எதுக்குப் பயிற்சி?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அம்மி போய் மிக்சி வந்தது, கிணற்றடி போய்க் குழாய் வந்தது, பூந்தமல்லிக்குப் போக ஷேர் ஆட்டோ இருக்கிறது. கைக்கு ஓய்வில்லை, காலுக்குத்தான் வேலை குறைந்துவிட்டது.

லண்டனில் டாக்டர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் 1953-ல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். மாடி பஸ்ஸில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாகவே கண்டது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனவர்கள்தான்!

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்குச் சுமார் 14 பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. உங்கள் தெருவையே எண்ணிப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது விறுவிறுப்பான நடை வேண்டும். நடக்கும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. அதுதான் சரியான வேகம். சேர்ந்தாற்போல் நேரம் கிடைக்கலையா? பத்துப் பத்து நிமிடமாக நடங்கள், கணக்கில் சேரும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஊர்க்கதைக்கு ஊர்க்கதையும் ஆச்சு. பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிடம் ஓட்டமும் ஆட்டமும் அவசியம். டியூஷன் என்று சொல்லி அதைப் பறிக்காதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. நடக்கையில் நெஞ்சு வலித்தால், "வாயுதான்" என்று சோடா குடித்துக்கொண்டு இராமல், அங்கேயே உட்கார்ந்து 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.