கூத்தாட ஓர் இடம் உண்டா?

தோழா! சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறியிருக்கிறாயா? பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு ஒரு பூவின் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனையும் நம் பழந்தமிழ்ப் புலவர்கள் கண்டு களித்த பூக்கள்! பாதைக்குப் பூவின் பெயர் சூட்டத் தெரிந்த நாடு, அந்தப் பாதை முடியும் இடத்தில் கொழுந்து கிள்ளும் பெண் மாலையில் உட்கார்ந்து பாட ஒரு கூடம் கட்ட மறந்துவிட்டது.

மறந்துவிட்டது என்றா சொன்னேன்? இல்லை, மறக்கவில்லை. சட்டமே போட்டார்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 13ஆம் பிரிவைப் படித்துப் பார். தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு வசதி செய்து கொடுக்கும்படி முதலாளியைப் பணிக்க மாநில அரசு விதி செய்யலாம் என்று இருக்கிறது. செய்ய‘லாம்’! குடிநீருக்கு ‘வேண்டும்’ என்ற சட்டம், குழந்தைக் காப்பகத்துக்கு ‘வேண்டும்’ என்ற சட்டம், பாட்டுக்கும் கூத்துக்கும் வந்தபோது ‘லாம்’ என்று இழுத்தது. அந்த ‘லாம்’ எழுபது ஆண்டு வாழ்ந்தது. 2020ஆம் ஆண்டில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, பழைய சட்டத்தை அதனுள் கரைத்தும் விட்டார்கள். மலைக்கு அப்பால் மூணாறில் துரைமார் தங்களுக்குக் கட்டிக்கொண்ட ஹைரேஞ்ச் கிளப் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அந்தக் கிளப்பைக் கட்ட எந்தப் பிரிவும் தேவைப்படவில்லை!

இடம் இல்லாததால் கலை செத்துவிட்டதா? சாகவில்லை. அதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் பெருமை. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் பண்ணைப்புரம். பாவலர் வரதராசன் என்றொருவர். ஆர்மோனியப் பெட்டியும் தம்பிமாருமாக ஊர் ஊராகப் போய் மேடையிலே பொதுவுடைமைப் பாட்டுப் பாடினார். நமக்கு வேறு கொடிதான். அதனாலென்ன, ஏழையின் பக்கம் நின்று பாடிய குரலுக்குத் தலை வணங்க நமக்குத் தெரியும். அந்தக் குழுவில் பதினான்கு வயதில் சேர்ந்த தம்பிதான் பின்னாளில் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’, 2025 மார்ச்சில் இலண்டன் மாநகரில் சிம்பொனி. அந்தப் பையன் பழகிய கலைக்கூடம் எது? கட்சி மேடைகளும் கட்டைவண்டிப் பாதைகளுந்தான்.

இதைக் கேட்டதும் சிலர் துள்ளிக் குதிப்பார்கள். “பார்த்தீரா! கூடம் இல்லாமலே வளர்ந்தார் அல்லவா?” வளர்ந்தார் ஐயா, வளர்ந்தார். பாறையிலும் ஒரு ஆலங்கன்று முளைக்கிறது. அதைக் காட்டி, நாற்றங்காலே வேண்டாம் என்று எந்த உழவனாவது சொல்வானா? வெளியே தெரியாமல் கருகிப்போன கன்றுகள் எத்தனை என்று யார் கணக்கெடுத்தார்கள்?

இன்றைக்குப் பள்ளத்தாக்கில் தப்பாட்டம் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவராட்டம் ஆடுகிறார்கள், ஒயில் ஆடுகிறார்கள். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா வந்தால் ஊரே கலையாகிறது. விழா முடிந்த மறுநாள்? களத்துமேடு, ஆற்றங்கரை, சுடுகாட்டு வழி. மழை வந்தால் பழக்கம் நின்றது. சரி, அரசிடம் கேட்போம் என்று நாலு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்து மனு எழுதுகிறார்கள். டில்லியில் பண்பாட்டு அமைச்சகம் வைத்திருக்கும் கட்டட மானியத் திட்டத்தைப் புரட்டினால் கண் விரிகிறது. பெருநகரம் அல்லாத ஊருக்கு 25 இலட்சம் வரை! அடுத்த வரியைப் படித்தால் கண் சுருங்குகிறது. செலவில் அறுபது விழுக்காடுதான் தருவார்கள். மீதி நாற்பதை நீ போட வேண்டும். மனையும் நீதான் காட்ட வேண்டும். மூன்றாண்டுக் கணக்கும் தணிக்கைச் சான்றும் வேண்டும். ஏலக்காட்டுக் கூலிக்கு ஜீப்பில் போகிறவன் மனைக்கு எங்கே போவான்? பணம் உள்ளவனுக்குப் பணம் தரும் திட்டத்துக்கு மானியம் என்று பெயர்!

நம் மாநிலத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படிச் சொல்வது நன்றிகெட்டதனம். 1955இல் தோன்றிய சங்கீத நாடக சங்கம் இன்று இயல் இசை நாடக மன்றமாக இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007இல் வந்தது. நலிந்தவருக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, எல்லாம் தேவைதான். ஆனால் தோழா, கலைஞன் கையில் கொடுப்பது வேறு. அவன் காலூன்ற இடம் கொடுப்பது வேறு.

இடம் கிடைத்தால் மட்டும் போதுமா என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர்களே 1990இல் சங்கம் அமைத்தார்கள். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நிதி கேட்டுப் பெற்றார்கள். 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் எழுந்தது. ஏழைப் பிள்ளைகள் காலையில் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். ஆணுக்கே உரியது என்றிருந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். பதினெட்டு ஆண்டு நடந்த அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. வெளியிலிருந்து வரும் நிதி மழையைப் போன்றது; பெய்தால் பெய்யும். ஆண்டுதோறும் சோறு போட ஆற்றுப் பாசனம் வேண்டும். பெரியாற்றுத் தண்ணீர் 1895இல் வந்த பிறகு மழையை மட்டும் நம்பியிருக்கவில்லையே கம்பத்து விவசாயி!

அந்தப் பாசனத்துக்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணம் செய்தது. இன்று நூறு ரூபாய் வீட்டு வரி கட்டினால், நூலகத்துக்கென்று பத்து ரூபாய் சேர்த்துக் கட்டுகிறோம். யாருடைய தயவும் இல்லை. குடிசைக்காரன் காசிலும் நூலகம் நடக்கிறது. குமுளி தாண்டிய கேரளத்திலே 1945இல் 47 வாசகசாலைகள் அம்பலப்புழையில் கூடிச் சங்கமானார்கள். அங்கே நூலகம் என்றால் புத்தக அலமாரி மட்டுமல்ல. நாடக ஒத்திகையும் அங்கேதான், கலைவிழாவும் அங்கேதான். நம் கிளை நூலகத்தையொட்டி ஒரு திண்ணை, ஒரு கூரை, ஒரு விளக்கு போட அந்தப் பத்து ரூபாயில் வழி செய்யச் சட்டமன்றம் நினைத்தால் முடியாதா?

அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். ஊருக்கு ஊர் சமுதாயக்கூடம் இருக்கிறது. முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி யாரிடம் என்று கேள். உள்ளே பறை ஒலிக்கலாமா என்றும் கேள். அப்போது தெரியும், குறைவது பணமா மனமா என்று. “சத்தம்” என்பார்கள். கல்யாண மேளம் சத்தமில்லையா? “அந்தப் பிள்ளைகளா?” என்று ஒரு குரல் மெல்ல இழுக்கும். அந்த இழுப்பைத்தான் நாம் மேடைதோறும் எதிர்த்து வந்தோம். நாடகத்தை அடக்க 1954இல் சட்டம் போட்டார்கள், எம். ஆர். ராதா அஞ்சவில்லை. 2013இல் உயர்நீதிமன்றமே அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. மேடைக்குப் போட்ட பூட்டு உடைந்த பிறகு, கூடத்துக்குப் போட்ட பூட்டு எத்தனை நாள்?

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நில். வாரத்தில் இரண்டு மாலை, வாடகை இல்லாமல், எந்தத் தெருப் பிள்ளையானாலும் கூடத்தில் கலை பழகலாம் என்று தீர்மானம் கொண்டு வா. நோட்டில் எழுதும்வரை உட்காராதே. எழுதியதும் வாசித்துக் காட்டச் சொல். ‘லாம்’ என்று இருந்தால் அடித்துவிட்டு, ‘வேண்டும்’ என்று எழுதச் சொல்.