காமிராவின் ஷட்டரும் பிளாஷ் விளக்கும்

பிளாஷ் விளக்கின் துணைகொண்டு எடுத்த படத்தில் ஒரு பகுதி தெளிவாகவும், மறு பகுதி கரும்பட்டையாகவும் அமைந்துவிடுவதுண்டு. காமிரா பழுதுற்றதெனக் கருதிப் பலர் கவலையுறுகின்றனர். இயந்திரத்தில் யாதொரு குற்றமும் இன்றியே இவ்வாறு நேரக்கூடும். ஷட்டர், விளக்கு ஆகிய இரண்டின் இயக்கமும் காலத்தால் ஒவ்வாமையே அதன் காரணமாகும்.

லென்ஸை மாற்றிப் பொருத்தத்தக்க டிஜிட்டல் காமிராக்களில் பெரும்பாலானவற்றில், ஒளியுணரும் தகட்டின்முன் இரண்டு திரைகள் இயங்குகின்றன. முதல் திரை விலகித் தகட்டினைத் திறக்கிறது. இரண்டாம் திரை தொடர்ந்து வந்து மூடுகிறது. 1/60 விநாடி வேகத்தில் தகடு முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். 1/1000 விநாடி வேகத்திலோ, முதல் திரை தன் வழியைக் கடந்து முடிக்குமுன்னரே இரண்டாம் திரை புறப்பட்டுவிடுகிறது. ஆகவே, குறுகிய பிளவு ஒன்று மட்டுமே தகட்டின்மீது நகர்ந்து செல்கிறது. பிளாஷ் ஒளியோ கணப்பொழுதே நிலைப்பது. அக்கணத்தில் திரையால் மறைந்துள்ள பகுதி படத்தில் இருளடைகிறது. பல காமிராக்களில் 1/160 முதல் 1/250 விநாடிக்குள் அமைந்துள்ள ஒரு வேகமே இதற்கு எல்லையாகும்.

கோளாறு எங்குள்ளது என அறிய இரண்டு சோதனைகள் போதுமானவை. முதலாவதாக, வேகத்தை 1/60 விநாடிக்குக் குறைத்து மீண்டும் படமெடுக்க வேண்டும். பட்டை மறைந்தால் காமிராவில் குற்றமில்லை. இரண்டாவதாக, விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒரே சீரான வெள்ளைச் சுவரை 1/1000 விநாடியிலோ அதனினும் விரைவாகவோ படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஒரே ஓரம் கருத்திருப்பின், திரைகள் சீராக ஓடவில்லை என ஐயுறலாம். அப்பொழுது பழுது பார்ப்பவரை நாடுதல் வேண்டும். இச்சோதனையை மின்விளக்கொளியில் செய்தல் தகாது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுக்கள் உடையதாதலின், விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. அதனாலும் பட்டைகள் தோன்றி நம்மை மயக்கும்.

விளக்கு எரியவே இல்லையெனில், முதலில் ஓசையற்ற மின்னணு ஷட்டர் முறை அமைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். பல காமிராக்கள் அம்முறையில் பிளாஷை இயக்குவதில்லை. பின்னர், விளக்கைக் கழற்றி, அது பொருந்துமிடத்து உலோகப் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தல் நன்று. அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் ஒன்று விட்டு ஒன்று இருண்டால், பாட்டரி தளர்ந்து, விளக்கு மீண்டும் மின்னேற்றம் பெறத் தாமதிக்கிறது எனக் கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எக்காரணம் பற்றியும் செய்தல் கூடாது. பிளாஷ் விளக்கின் உட்புறத்தைத் திறத்தலே அது. அதிலுள்ள மின்தேக்கி ஏறத்தாழ 300 வோல்ட் அழுத்தத்தில் மின்னேற்றம் பெறுகிறது. பாட்டரியை நீக்கிய பின்னரும் அம்மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும். அதனைத் தீண்டுதல் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.