கூறியது கூறலும் கணினியின் தொடக்கப் பதிவுகளும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூலார் தம் பாயிரத்துள் வகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று கூறியது கூறல். முன்னர்ச் சொன்னதையே பின்னரும் பயனின்றிச் சொல்லுதல் அது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு இக்குற்றம் புதிதன்று. பக்கத்தை நிரப்பும் பொருட்டு ஒரே கருத்தை நான்கு பத்திகளில் எழுதும் மாணவர் எந்நாளும் உளர். ஆனால் இக்குற்றத்தைக் கணினியும் செய்யும் என்பதையும், அதனால் மீட்க இயலாத இழப்பு நேரக்கூடும் என்பதையும் யாம் பட்டே அறிந்தோம். கணினி தொடங்கும்போது எழுதும் பதிவுச் செய்திகள் எத்தகையன, அவற்றுள் கூறியது கூறல் ஏன் நிகழ்கிறது, அதனைக் குறைக்கும் முறை யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது யாது?

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் மாணவர் நாஞ்சில் நாட்டு வட்டார வழக்குகளைத் தொகுக்கும் களப்பணியில் ஈடுபட்டனர். தோவாளையிலும் தக்கலையிலும், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்களிலும் வயலையும் வலையையும் அறிந்த முதியோரைத் தேடிச் சென்று, அவர்தம் பேச்சையும் அவர்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்து வந்தனர். அப்பதிவுகள் துறையில் இருந்த பழைய கணினி ஒன்றில் சேமிக்கப்பெற்றன. அது லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவது.

அக்கணினியை இயக்கும்போதெல்லாம் கரிய திரையில் ஏறக்குறைய ஒரே வரி அடுத்தடுத்து ஓடும். உள்ளே பழுதுற்றிருந்த நினைவட்டைப் படிப்பான் ஒன்று இணைப்பிலிருந்து நழுவுவதும் மீண்டும் இணைவதுமாக இருந்தது. அது நழுவும்போது ஒரு வரி. இணையும்போது சில வரிகள். திரை முழுதும் அதுவே. இத்தொல்லையைத் தீர்க்க வேண்டினோம். கணினி அறிந்த ஒருவர் வந்து சிறியதொரு மாற்றம் செய்தார். மறுநாள் முதல் வரிகள் மறைந்தன. அழகிய படம் ஒன்று தோன்றிக் கணினி அமைதியாகத் தொடங்கிற்று. யாமும் மகிழ்ந்தோம்.

சில திங்கள் கழித்து ஒரு காலை அக்கணினி தொடங்கவே இல்லை. வன்தட்டு பழுதாகிவிட்டது. படி எடுத்து வைத்திருந்த பதிவுகள் எஞ்சின, ஏனைய அழிந்தன. வன்தட்டில் படிக்க முடிந்த பகுதியைப் பழுதுநீக்குநர் ஆராய்ந்தபோது, பழைய பதிவுக் கோப்பு ஒன்று கிடைத்தது. அதனுள் நினைவட்டைப் படிப்பானைப் பற்றிய வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றினிடையே, வன்தட்டின் ஒரு பகுதியைப் படிக்க இயலவில்லை என்னும் செய்தி சில இடங்களில் மட்டும் காணப்பட்டது. கணினி வாரக்கணக்கில் முன்னரே எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கையை யாம் காணவில்லை.

தொடக்கத்தின்போது நடப்பது

கணினியின் மின்விசையை அழுத்தியதும், தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருள் முதலில் விழித்தெழுந்து வன்பொருள்களைச் சோதிக்கிறது. பின்னர் கிரப் போன்றதொரு தொடக்க ஏற்றி, இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய கெர்னலை நினைவகத்துள் ஏற்றுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991இல் வெளியிட்ட கெர்னலே லினக்ஸ். இது நமக்குத் தொலைவான பொருளன்று. நம்மில் பலர் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இக்கெர்னலைக் கொண்டே இயங்குகின்றன. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோசுடன் சீடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது.

கெர்னல் எழுந்ததும் செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை என ஒவ்வோர் உறுப்பையும் கண்டறிந்து, கண்டதை ஒரு வரியாக எழுதிவைக்கிறது. வீட்டுக் கணக்கர் பேரேட்டில் வரவும் செலவும் எழுதுவதைப் போன்றது இது. ஆனால் இப்பேரேட்டில் ஒரு வேறுபாடு உண்டு. கெர்னலின் பேரேடு நினைவகத்துள் உள்ள வட்ட வடிவமான ஏடு. அதன் பக்கங்கள் வரையறைக்கு உட்பட்டவை. கடைசிப் பக்கம் நிரம்பியதும் முதற்பக்கத்தின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். ஆகவே பயனற்ற வரி ஆயிரம் முறை வருமாயின், அது கண்ணை உறுத்துவதோடு நிற்பதில்லை. தொடக்கத்தில் எழுதப்பட்ட பயனுள்ள வரிகளை அவ்வேட்டிலிருந்து அழித்தும் விடுகிறது. கூறியது கூறல் இங்கு வெறும் நடைக்குற்றமன்று, பொருளையே கெடுக்கும் குற்றமாகும்.

அவ்வேட்டிலிருந்து செய்திகளைப் படியெடுத்து வன்தட்டில் நிலையாக எழுதிவைக்கும் பணி வேறொரு நிரலுடையது. இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் ஜர்னல்டி என்பது இப்பணியைச் செய்கிறது. அங்கே பழைய வரிகள் சற்று நீண்ட காலம் வாழும். எனினும் அதற்கும் இட வரையறை உண்டு.

எட்டுப் படிநிலைகள்

செய்திகள் யாவும் ஒரே தகுதியுடையன அல்ல. கடலோர மாவட்டத்தில் வாழும் நாம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை அறிவோம். ஒன்றாம் எண் கூண்டுக்கும் பத்தாம் எண் கூண்டுக்கும் உள்ள வேறுபாடு மீனவர் இல்லத்துச் சிறுவரும் அறிந்தது. கெர்னலும் தன் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிநிலைகள் வகுத்துள்ளது. ஆனால் இங்கு வரிசை தலைகீழானது. 0 என்பது இயங்குதளமே நிலைகுலையும் பேரிடர். 3 என்பது பிழை. 4 என்பது எச்சரிக்கை. 6 என்பது வெறும் தகவல். 7 என்பது நிரலாளர் தம் பிழைகளைத் தேடுவதற்காக எழுதும் நுண்குறிப்பு.

எக்கூண்டு வரை திரையில் ஏற்றிக் காட்டுவது என்பதை நாம் முடிவு செய்யலாம். தொடக்கக் கட்டளையில் 'குயட்', அதாவது 'அமைதி', என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால், 0 முதல் 3 வரையிலான செய்திகள் மட்டுமே திரைக்கு வரும். அதனுடன் 'ஸ்பிளாஷ்' என்னும் சொல்லையும் சேர்ப்பின், தொடக்கப் படம் ஒன்று திரையை மூடிக்கொள்ளும். எம் கணினியில் செய்யப்பட்டது இதுவே.

மறைத்தல் வேறு, குறைத்தல் வேறு

இங்கேதான் யாம் தவறினோம். 'அமைதி' என்னும் சொல் திரையை மட்டுமே அமைதிப்படுத்துகிறது. கெர்னல் எழுதுவதை நிறுத்துவதில்லை. ஏடு முன்போலவே நிரம்பிக்கொண்டிருக்கிறது. வீட்டின் மேற்கூரை ஒழுகும்போது, தண்ணீர் சொட்டும் ஒலி கேட்காதிருக்கக் கதவைச் சாத்திக்கொள்வதற்கு ஒப்பானது இச்செயல். வன்தட்டைப் பற்றிய செய்தி பிழை என்னும் மூன்றாம் படிநிலையைச் சார்ந்ததாதலின், அது திரைக்கு வரும் உரிமை பெற்றிருந்தது. எனினும் மேலே விரித்த அழகிய படம் அதனையும் மூடிவிட்டது. மறைத்தலால் கெர்னலின் பேச்சு குறையவில்லை. எம் கேள்விதான் குறைந்தது.

எனவே, மீண்டும் மீண்டும் வரும் செய்தியைக் குறைத்தல் என்பது மூன்று வேறு செயல்களைக் குறிக்கும் எனத் தெளிதல் வேண்டும். திரையில் காட்டாதிருத்தல் ஒன்று. எழுதும் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தல் மற்றொன்று. அச்செய்தி எழுவதற்கான காரணத்தையே நீக்குதல் மூன்றாவது. முதலாவது எளிது, மூன்றாவதே உறுதியானது.

அடுக்குத்தொடரும் அதன் எல்லையும்

இரண்டாவது செயலை விளக்க மீண்டும் இலக்கணத்தை நாடுவோம். கூறியது கூறலைக் குற்றமெனக் கண்ட நன்னூலாரே, அடுக்குத்தொடருக்கு இடமளித்தார். பாம்பைக் கண்டவன் 'பாம்பு பாம்பு' என்று அலறுவது குற்றமன்று. விரைவும் அச்சமும் அவ்வடுக்கில் பொருளாகின்றன. ஆயினும் அடுக்குக்கு எல்லை உண்டு. அசைநிலைக்கு இரண்டு, பொருள்நிலைக்கு மூன்று, இசைநிறைக்கு நான்கு என அவர் வரையறுத்தார். அலறலுக்கும் ஓர் அளவு வேண்டும் என்பது இதன் கருத்து.

லினக்ஸ் கெர்னலை எழுதியோரும் இத்தகைய எல்லை ஒன்றை வகுத்துள்ளனர். எல்லைக்கு உட்பட்டதாகக் குறிக்கப்பெற்ற செய்தி, இயல்பான அமைப்பில் 5 வினாடிக்குள் 10 முறை மட்டுமே எழுதப்படும். அதற்கு மேற்பட்டவை அடக்கப்பட்டு, அடக்கியவை எத்தனை என்பது பின்னர் ஒரே வரியில் அறிவிக்கப்படும். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் சொன்னால் போதும் என்னும் செய்திகளுக்கெனத் தனிக் கட்டளையும் உண்டு. யூனிக்ஸ் மரபில் வந்த பழைய பதிவு நிரல்கள், ஒரே செய்தி தொடர்ந்து வரின், 'முன்னைய செய்தி இத்தனை முறை மீண்டும் வந்தது' என ஒரே வரியில் சுருக்கி எழுதின. ஜர்னல்டியும் ஒரு சேவை 30 வினாடிக்குள் 10,000 செய்திகளுக்கு மேல் எழுதினால், எஞ்சியவற்றை விடுத்து அதன் எண்ணிக்கையை மட்டும் குறிக்கும் வண்ணம் அமைந்துள்ளது.

இவற்றில் பொதுவாக அமைந்த அறம் ஒன்றுண்டு. முதற்கூற்று காக்கப்படுகிறது, எண்ணிக்கை காக்கப்படுகிறது, வெற்று மீள்கூற்று மட்டுமே நீக்கப்படுகிறது. சுருக்குதல் வேறு, பொய்த்தல் வேறு என்பதற்கு இது சான்று. எனினும் எல்லாச் செய்திகளுக்கும் இவ்வெல்லை பொருந்துவதில்லை. நிரலை எழுதியவர் எங்கே எல்லை வகுத்தாரோ அங்கே மட்டுமே அது செயற்படும். எம் கணினியின் நினைவட்டைப் படிப்பான் நழுவுவதும் இணைவதும் ஒவ்வொரு முறையும் புதிய நிகழ்ச்சியாகவே கருதப்பட்டன. ஆகவே அவை எல்லைக்கு உட்படவில்லை.

செய்யத்தக்கன

பட்டறிவால் யாம் கற்ற முறையை மாணவர்க்குப் பயன்படும் வண்ணம் தொகுத்துரைப்போம்.

முதலாவது, மறைப்பை நீக்கிப் பார்த்தல். தொடக்க ஏற்றியின் பட்டி தோன்றும்போது, 'இ' எனும் ஆங்கில எழுத்து விசையை அழுத்தி, 'அமைதி', 'படம்' ஆகியவற்றைக் குறிக்கும் அவ்விரு சொற்களையும் நீக்கித் தொடங்கலாம். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே செல்லும். ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை.

இரண்டாவது, எண்ணுதல். டிமெசேஜ் என வழங்கும் கட்டளை கெர்னலின் ஏட்டை முழுமையாகக் காட்டும். அவ்வரிகளிலிருந்து நேரக்குறிகளை நீக்கி, வரிசைப்படுத்தி, ஒத்த வரிகளை எண்ணித் தொகுத்தால், எவ்வரி எத்தனை முறை வந்தது என்பது புலப்படும். சொல்லடைவு தயாரிக்கும் ஆய்வாளர்க்கு இம்முறை நன்கு பழக்கமானதே. அதிகம் வந்த வரியைக் கண்டபின், ஒரே ஒருமுறை வந்த வரிகளையும் பொறுமையுடன் படித்தல் வேண்டும். பிழையும் அதனினும் கடியவையுமாகிய செய்திகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதியும் இக்கட்டளையில் உண்டு.

மூன்றாவது, காரணத்தை நீக்குதல். தளர்ந்த கம்பி இணைப்பு, பழுதுற்ற படிப்பான், பழைய நிலைபொருள், எடுத்துவிட்ட வன்தட்டின் பெயர் இன்னும் பட்டியலில் இருத்தல் ஆகியன பெரும்பாலான மீள்கூற்றுகளுக்கு வேர். இல்லாத வன்தட்டைத் தேடிக் கணினி 90 வினாடி காத்திருப்பதும் இதனால் நிகழும். தேவையற்ற உறுப்பாயின் அதன் கம்பியைக் கழற்றிவிடலாம். அன்றேல் அதற்குரிய இயக்கி நிரலை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். எம் கணினிக்கு வேண்டியிருந்தது ஒரு சிறு கம்பியைக் கழற்றுதல் மட்டுமே.

இவை முடிந்த பின்னர்த் திரையை அமைதிப்படுத்துவதில் குற்றமில்லை. நோய் தீர்ந்தபின் உறங்குதல் நலமே. நோய் இருக்கும்போது முனகலை மட்டும் அடக்குதல் ஆகாது.

நிறைவாக

அழிந்த பதிவுகளுள் சிலவற்றை மாணவர் மீண்டும் சென்று பதிவு செய்தனர். முன்பு பேசிய முதியோர் பலரும் முகங்கோணாது மறுபடியும் பேசினர். அவர்கட்கு இத்துறை என்றும் கடப்பாடுடையது. அவர்கள் கூறியது கூறியது குற்றமன்று; எமக்குச் செய்த கொடை. ஆயின், தாலாட்டுப் பாடிய மூதாட்டியர் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர். அவர்தம் குரல் இனிக் கிட்டாது.

இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள், மூன்று வெவ்வேறு இடங்களில் வைக்கப்படுகின்றன. திங்கள்தோறும் ஒரு மாணவர் துறைக் கணினியை மறைப்பின்றித் தொடங்கி, அது சொல்லும் வரிகளை எண்ணிப் படித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுகின்றார். அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில், ஒருமுறை மட்டும் வரும் வரியை முதலில் படிக்க என எழுதி வைத்துள்ளோம்.