வடிவமும் எழுத்தும்: கணினியில் தமிழும் அரபும்

ரமழான் நோன்பைத் தொடர்ந்து ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்புகள் நோற்பதன் சிறப்பைக் கூறும் ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டு அறிஞர் அபூபக்ர் அஸ்ஸூலீ இந்த ஹதீஸைச் சொல்லி எழுதுவித்தபோது, 'ஸித்தன்' (ஆறு) என்னும் சொல்லை 'ஷைஅன்' (சிறிதளவு) எனப் படித்துவிட்டார். புள்ளிகளை நீக்கிப் பார்த்தால் பழைய எழுத்துமுறையில் இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை. கண்ணுக்கு வடிவம் மாறவில்லை, எழுத்து மாறிற்று, ஆறு என்ற எண்ணிக்கையே மறைந்துபோயிற்று. இத்தகைய பிழைக்கு ஹதீஸ்கலை அறிஞர்கள் 'தஸ்ஹீஃப்' எனப் பெயரிட்டனர். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹிஜ்ரி 643) தமது ஹதீஸ்கலை நூலில் இதற்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கியுள்ளார்.

பழைய இச்செய்தியை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. இன்று நம்முடைய தஃப்ஸீர் நூல்களும் ஃபத்வாக்களும் மத்ரஸா பாடக்குறிப்புகளும் கணினியிலேயே எழுதப்படுகின்றன. கணினியிலும் வடிவம் வேறு, எழுத்து வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் தட்டச்சு செய்யும்போது புதுவகைத் தஸ்ஹீஃபுக்கு நாமே வழிதிறந்துவிடுகிறோம்.

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. திரையில் நாம் காணும் வடிவம், அந்த எண்ணுக்கு எழுத்துரு அணிவிக்கும் ஆடை மட்டுமே. 1990களில் தமிழ் அச்சகங்களில் பரவிய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் வடிவத்தை அணிவித்தன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பீ, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்த எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

இதன் விளைவை நாம் நேரில் கண்டோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிய உஸூலுல் ஹதீஸ் பாடக்குறிப்புகளை ஓர் அச்சகத்தார் தட்டச்சு செய்து குறுந்தகட்டில் தந்திருந்தனர். அண்மையில் அதைத் திறந்தபோது தமிழ்ப் பகுதி ஆங்கில எழுத்துகளாகவும் அரபுப் பகுதி வெற்றுக் கட்டங்களாகவும் காட்சியளித்தன. எழுத்துருமாற்றி ஒன்றின் துணையால் தமிழை மீட்டோம். அரபை மீட்க இயலவில்லை. அச்சுப்படி ஒன்று எஞ்சியிருந்ததால், அதைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக மீண்டும் எழுதினோம். அப்படியும் இல்லாதிருந்தால் அவ்வளவும் அழிந்திருக்கும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே அரபும் தமிழும் இடம்பெற்றன. அதில் ககரத்தின் எண் 2965. அலிஃபின் எண் 1575. எந்த எழுத்துருவை அணிவித்தாலும் ககரம் ககரமே, அலிஃப் அலிஃபே. 'கி' என்பது ககரமும் இகரக்குறியும் என இரண்டு எண்களாகப் பதிவாகிறது. அவற்றை இணைத்துக் காட்டுவது மென்பொருளின் பணி. அரபிலும் இதே முறைதான். 'பா' என்னும் எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறினாலும் பதிவாவது 1576 என்னும் ஒரே எண். 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழ் ஒருங்குறிக்கு இடமளித்தது. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது.

தட்டச்சு முறைகளுள் தமிழக அரசு 1999இல் ஏற்ற 'தமிழ் 99' பயில்வதற்கு எளிது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அல்லாஹ்' என எழுத அ, ல, ல, ஆ, ஹ, புள்ளி என்னும் வரிசை போதும். நமக்கு மிகுதியாகத் தேவைப்படும் ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவை மேல்வரிசையில் ஷிஃப்ட் விசையுடன் கிடைக்கின்றன. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இம்முறையைப் பரவலாக்கின. இன்று விண்டோஸிலேயே இவ்விசைப்பலகை உள்ளது.

ஒருங்குறியில் எழுதினால் மட்டும் பிழை நீங்கிவிடுமா? நீங்காது. மூன்று இடங்களில் விழிப்பு தேவை.

முதலாவது, ஒரே தோற்றத்தில் மறைந்திருக்கும் வேறு எழுத்து. 'ஔலியா' என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வோர் பலர். தாளில் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடினால் அச்சொல் கிடைக்காது. அரபில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. அரபு விசைப்பலகையின் காஃப் 1603. உருது விசைப்பலகையின் காஃப் 1705. 'கிதாப்' என்னும் சொல்லின் முதலில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். உருது விசைப்பலகையில் எழுதிய 'கிதாபை' அரபு 'கிதாப்' எனத் தேடுபவர் காணாமலே போகக்கூடும். அன்றைய தஸ்ஹீஃபில் ஒரு வடிவம் இரு எழுத்துகளாகப் படிக்கப்பட்டது. இங்கோ ஒரு வடிவத்துக்குள் இரு எழுத்துகள் ஒளிந்துகொள்கின்றன.

இரண்டாவது, திசை. தமிழ் இடமிருந்து வலமாகவும் அரபு வலமிருந்து இடமாகவும் செல்லும். அரபை அறியாத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் அரபு வரியைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், இடப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பதிவு செய்தனர். ஒரே வரியில் நிற்கும்வரை அது சரியாகவே தோன்றும். வரி மடங்கியதும் வசனத்தின் இறுதி மேல்வரியிலும் தொடக்கம் கீழ்வரியிலும் அமைந்துவிடும். ஒருங்குறி, படிக்கும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமிப்பதால் இப்பிழை எழாது. எனினும் அரபு மட்டும் உள்ள பத்தியை வலமிருந்து இடம் என அமைக்கத் தவறினால் நிறுத்தற்குறிகளும் அடைப்புக்குறிகளும் இடம்மாறிவிடும்.

மூன்றாவது, திருக்குர்ஆன் வசனங்கள். இவற்றை நினைவிலிருந்து தட்டச்சு செய்வதைத் தவிர்க்க வேண்டும். 2007இல் தொடங்கப்பட்ட 'தன்ஸீல்' திட்டத்தினர் சரிபார்த்த ஒருங்குறிக் குர்ஆன் மூலத்தை வழங்கியுள்ளனர். அதிலிருந்து படியெடுத்து, முஸ்ஹஃபோடு ஒப்பிட்டுப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

இவ்விடத்தில் நம் முன்னோரின் அரபுத்தமிழையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி மார்க்க அறிவைப் பரப்பினர். தமிழின் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டி எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். அவற்றுள் சில, பாரசீகம் முதலிய பிற மொழிகளுக்கான எழுத்துகளாக ஒருங்குறியில் முன்னரே இருந்தன. கீழே மூன்று புள்ளிகள் கொண்ட அய்னும், கீழே ஒரு புள்ளி கொண்ட காஃபும் 2015இல் வெளிவந்த ஒருங்குறியின் 8ஆம் பதிப்பில் அரபுத்தமிழுக்கெனவே சேர்க்கப்பட்டன. எழுத்துகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவற்றில் எழுதும் கைகள்தாம் போதவில்லை. பழைய ஏடுகளைப் படமெடுத்து வைப்பது நற்பணியே. ஆயினும் படம் வடிவத்தை மட்டுமே காக்கும். அந்நூல்களுக்குள் ஒரு மஸ்அலாவைத் தேட வேண்டுமாயின் அவை எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட வேண்டும். அரபுத்தமிழைத் தடையின்றிப் படிக்கும் முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்படுவது நலம்.

ஹதீஸ் அறிஞர்கள் தஸ்ஹீஃபை இனங்கண்டதோடு நின்றுவிடவில்லை. அதற்கு மருந்தும் வகுத்தனர். படியெடுத்த ஏட்டை மூலத்தோடு ஒப்பிடும் 'முகாபலா' அது. ஒப்பிடப்படாத படியை அவர்கள் நம்பவில்லை. ஏட்டை மட்டும் நம்பி ஆசிரியரிடம் கேளாதவரிடம் கல்வி பெறுவதையும் தடுத்தனர். கணினிக்கும் அதே மருந்து பொருந்தும். தட்டச்சு முடிந்தபின் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். பின்னர் முக்கியமான பத்துச் சொற்களைத் தேடிப் பார்க்கட்டும். கண்ணில் தெரியும் சொல் தேடலில் கிடைக்கவில்லையென்றால் உள்ளே வேறு எழுத்து ஒளிந்திருக்கிறது எனக் கொள்ளலாம். அரபுக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

அஸ்ஸூலீயின் பிழை திருந்தியது, அந்த ஹதீஸைச் சரியாகக் கேட்டு மனத்தில் வைத்திருந்தோர் இருந்ததால். நாம் இன்று தட்டச்சு செய்யும் பக்கத்தை நாளை படிப்பவரிடம் ஒப்பிட மூலம் இருக்குமோ, இராதோ! எழுத்து நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் சிதையாமல் சேர்ப்பிக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.