நகரும் கோபுரமும் அறுபடும் பேச்சும்

சாதாரணக் கைப்பேசியில் கோபுரம் நிற்க நாம் நகர்கிறோம். இரிடியம் போன்ற தாழ்பாதைத் துணைக்கோள் தொலைபேசியிலோ, நாம் பாறைபோல் அசையாது அமர்ந்திருந்தாலும், கோபுரமாகிய துணைக்கோள் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. இரிடியத்தின் 66 துணைக்கோள்களில் ஒன்று நம் பார்வை எல்லைக்குள் தங்குவது சுமார் 10 நிமிஷம்; அது வீசும் 48 அலைக்கற்றைகளுள் ஒன்று நம்மீது படிந்திருப்பதோ ஏறக்குறைய ஒரு நிமிஷந்தான். ஆதலால் சிறிது நீண்ட சம்பாஷணை எதுவும், பேசுகிறவர் அறியாமலே, பலமுறை கைமாறியாக வேண்டும்.

கைமாறும் அந்தக் கணத்தில் அடுத்த கற்றையில் அலைத்தடம் காலியாக இல்லாவிட்டால் பேச்சு அறுந்துபோகும். துணைக்கோளின் மார்க்கம் கணிதத்தால் முன்னமே தெரிந்திருப்பதால், வரப்போகும் கற்றையில் முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பதும், கைமாற்றத்திற்கென்றே சில தடங்களை ஒதுக்கி வைப்பதும் பொறியியலார் கையாளும் உபாயங்கள். பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் துண்டிப்பதைவிட, புதிதாக அழைப்பவரைச் சற்றுக் காக்கவைப்பது மேல் என்பது அவர்கள் சித்தாந்தம்; நியாயமானதே, எனினும் புயலில் அகப்பட்டு அப்போதுதான் அழைக்க முற்படுகிறவனுக்கு அது அவ்வளவு நியாயமாகத் தோன்றாது.

தடம் காலியாக இருந்தும், அடுத்த துணைக்கோள் மலைச்சரிவுக்கோ சுவருக்கோ அப்பால் மறைந்திருந்தால் பேச்சு அறுவதும் உண்டு. ஆகையால் ஆபத்தில் இருப்பவர் திறந்த வெளிக்கு வந்து, ஆன்டெனாவை முழுதும் இழுத்து நிமிர்த்திப் பிடித்து, நலம் விசாரிப்பதற்கு முன் தாம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லிவிட வேண்டும். அறுந்தால் சில நிமிஷம் பொறுத்து மீண்டும் அழைக்கலாம், அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம்.

ஆனால் இந்தியாவுக்குள் துராயா, இரிடியம் துணைக்கோள் தொலைபேசிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் முன்னனுமதி இல்லாமல் கொண்டுவருவதும் உபயோகிப்பதும் சட்டவிரோதம் என்பதை அறியாமல், விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கப்பட்ட அந்நியப் பிரயாணிகள் உண்டு. தேவையுள்ளவர்களுக்கு பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் சேவை, உரிய அனுமதியின் பேரில், கிடைக்கிறது; அதன் துணைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு ஒத்துச் சுழல்வதால் இந்த ஓயாத கைமாற்றம் அங்கே இல்லை.

இந்நாட்டு உரிமம் பெற்ற சேவையில் பேச்சு அடிக்கடி அறுந்தால், முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், பிறகு அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தின் வாசலும் தொலைத்தொடர்பு வாடிக்கையாளருக்கு அடைக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கியிருக்கிறது. முறையீட்டில் அறுந்த நேரம், இடம், அப்போது வானம் திறந்திருந்ததா என்ற மூன்றையும் தவறாது எழுத வேண்டும். மூன்றாவது இல்லையெனில், குறை மரத்தினுடையது என்று நிறுவனம் எளிதில் சொல்லிவிடும்.