வகுப்பறையில் நீங்க வேண்டிய லஜ்ஜை

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட வலியில்லாத ஒரு சிறு கட்டியை வாய்விட்டுச் சொல்ல லஜ்ஜைப்பட்டு, கணவனிடமும் மகளிடமும் மறைத்து, அறுவடை முடியட்டும், மகளின் கல்யாணம் நடக்கட்டும் என்று மாதங்களைக் கடத்திவிட்டு, அது ரணமாகிய பிறகே வைத்தியரை நாடும் தாய்மார்கள் நம் நாட்டில் இன்றைக்கும் இருக்கிறார்கள். இந்தியப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடம் வகிக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,92,000 பேருக்கு அது புதிதாகக் கண்டதாக சர்வதேச மதிப்பீடு கூறுகிறது.

தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தையே சங்கல்பமாக்கி 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆனால் எவ்வளவு சிறந்த மருத்துவமனையானாலும், வாசற்படி ஏறி வராதவர்களுக்கு அது என்ன செய்ய முடியும்? அந்தப் படியேறும் தைரியத்தைப் பள்ளிக்கூடமே ஊட்ட வேண்டும்.

அதற்காக வகுப்பில் கற்பிக்க வேண்டிய மார்பகச் சுயபரிசோதனையின் முறை எளியது. மாதவிலக்கு முடிந்த சில தினங்களில், கண்ணாடி முன் நின்று இருபுறமும் நோக்கி, பிறகு நடுமூன்று விரல்களின் உட்புறத்தால் மார்பகம் முழுவதையும் அக்குளையும் மெல்ல அழுத்திப் பார்ப்பது. புதிய கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்வாங்குதல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்வது. எனினும், இதைச் சர்வரோக நிவாரணியாக எண்ணிவிடலாகாது. ஷாங்காய் நகரில் சுமார் 2,66,000 பெண் நெசவாலைத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இம்முறையைப் பயிற்றுவித்து ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், அதனால் மட்டும் மரணங்கள் குறையவில்லை என்பது 2002-இல் வெளியான உண்மை.

பதின்வயதில் இந்நோய் மிகமிக அபூர்வம்; அப்பிராயத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்ற நார்க்கட்டிகளே; வளரும் பருவத்தில் இரு மார்பகங்களும் சமமாக இல்லாதிருப்பதும் இயல்பே. இவற்றை முதலில் சொல்லாமல் நோயின் பெயரை மட்டும் சொல்லும் ஆசிரியை, குழந்தைகளின் மனத்தில் வீண் பீதியை விதைத்தவராவார். ஆகவே, தன் சரீரத்தின் இயல்பை அறிந்திருப்பதும், மாறுதல் கண்டால் கூசாமல் பேசுவதும், கேட்டதை வீட்டிலுள்ள அம்மாவிடமும் பாட்டியிடமும் எடுத்துரைப்பதுமே அந்த வகுப்பின் பிரதான பயன் என்பேன். பையன்களையும் வெளியே அனுப்ப வேண்டாம். ஆண்களுக்கும் அரிதாக இந்நோய் வருவதுண்டு, நாளை மனைவியை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டியவர்களும் அவர்களே.

முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசம். தலைமையாசிரியைகளே, அங்குள்ள செவிலியரை இந்த ஆண்டே உங்கள் பள்ளிக்கு அழையுங்கள். அன்றைக்குத் தாய்மார்களையும் வரச் சொல்லுங்கள்.