மலைவீட்டில் ஒரு சர்வர்: எந்த லினக்ஸ், எந்த டெஸ்க்டாப்?

கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே இன்டர்நெட்டும் போகும். மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்தால் மின்கம்பியும் கேபிளும் சேர்ந்தே அறுந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது அதைப் பெரிய அளவில் பார்த்தோம். அப்படிப்பட்ட நாட்களில் வெளியூர் சர்வர்களில் ஏற்றிவைத்த குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பாடங்கள், ஹோம்ஸ்டே நடத்துபவரின் முன்பதிவுக் கணக்கு எதுவுமே கைக்கு எட்டாது. கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரில் குடியிருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்வது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

சர்வர் என்றதும் மிரள வேண்டாம். நாள் முழுக்க ஓடி, வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களும் கணினிகளும் கேட்பதை எடுத்துக் கொடுக்கிற எந்தக் கணினியும் சர்வர்தான். அதில் சாம்பா நிறுவினால் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான கோப்புறை கிடைக்கும். ஜெல்லிஃபின் நிறுவினால் சேமித்துவைத்த படங்களை டிவியில் பார்க்கலாம். கிவிக்ஸ் நிறுவித் தமிழ் விக்கிப்பீடியாவை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால், கேபிள் அறுந்த நாளிலும் பிள்ளைகள் அதில் தேடிப் படிக்கலாம்.

இதற்குப் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. 2 ஜிபி நினைவகம் இருந்தாலே போதும். பழைய லேப்டாப் ஒன்று சும்மா ஓடும்போது சுமார் 12 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்தான் ஆகும். 60 வாட் இழுக்கும் மேசைக் கணினியென்றால் அதே இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் ஆகிவிடும்; அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். லேப்டாப்பின் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் யுபிஎஸ் செலவும் மிச்சம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்; அது தீப்பிடிக்கக்கூடியது.

அடுத்த கேள்வி டிஸ்ட்ரோ. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இயங்குதளத்தின் கரு மட்டுமே. அந்தக் கருவோடு மென்பொருள்களைத் தொகுத்து, நிறுவவும் புதுப்பிக்கவும் வழிசெய்து தருவதே டிஸ்ட்ரோ. ஆர்ச் போன்றவை புதிய பதிப்புகளை ஓயாமல் தந்துகொண்டே இருக்கும். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆதரவு சுமார் 13 மாதம்தான். இரண்டும் அருமையான டிஸ்ட்ரோக்கள், ஆனால் பதிவிறக்கம் அதிகம், கவனிப்பும் அதிகம். வாரக்கணக்கில் இணையம் தடுமாறும் இடத்தில் அது சுமை.

என் பரிந்துரை டெபியன் ஸ்டேபிள். 1993-ல் தொடங்கிய திட்டம் இது. ஒரு பதிப்பு வெளியான பிறகு அதில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களுமே வரும். அதனால் பதிவிறக்கம் குறைவு, இன்று வேலை செய்தது நாளையும் வேலை செய்யும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டித்த ஆதரவும் உண்டு. பழைய 32-பிட் கணினிகளில் இதைப் புதிதாக நிறுவ முடியாது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டு பழகியவர்கள் அதன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பை எடுக்கலாம். அதற்கும் ஐந்து ஆண்டு ஆதரவு இருக்கிறது. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்; சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது.

டெஸ்க்டாப், அதாவது ஐகான்களும் ஜன்னல்களுமாகத் திரையில் தெரியும் முகப்பு, விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டெபியனை நிறுவும்போது கடைசிக் கட்டத்தில் ஒரு பட்டியல் வரும். க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ, எல்எக்ஸ்க்யூடி என்று டெஸ்க்டாப்கள் வரிசையாக நிற்கும். க்னோம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் எஸ்எஸ்ஹெச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் டிக் செய்யுங்கள். க்னோம் அழகானதுதான், ஆனால் திரை எழும்பும்போதே ஒரு ஜிபி அளவுக்கு நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு, யாரும் தொடாமல் இருந்தால் கணினியைத் தானாகவே உறங்க வைத்துவிடும். சர்வர் உறங்கினால் வீட்டில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. டெஸ்க்டாப் இல்லாத டெபியனுக்கு 200 எம்பிகூட ஆகாது. மிச்சம் முழுவதும் வேலைக்கே பயன்படும்.

டெஸ்க்டாப் இல்லாமல் எப்படி இயக்குவது? வேறொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கலாம். காக்பிட் நிறுவினால் பிரவுசரிலேயே வட்டின் நிலையையும் ஓடும் சேவைகளையும் பார்க்கலாம். கட்டளை எழுதவே தயக்கமா, அதே கணினியில் பிள்ளைகள் படிக்கவும் வேண்டுமா? எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போதும், இரண்டும் எளிமையானவை. அப்போதும் மின்சார அமைப்பில் உறங்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

நிறுவிய பிறகு மூன்று வேலைகள் பாக்கி. லேப்டாப்பின் மூடியை மூடினாலும் ஓடும்படி அமைப்பை மாற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வர வழிசெய்யுங்கள். கரண்ட் வந்ததும் தானே எழும் வசதி பயாஸில் இருந்தால் அதை இயக்குங்கள். பல லேப்டாப்களில் இந்த வசதி இருக்காது. அங்கே பேட்டரிதான் காப்பு. முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு வட்டில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்; முடிந்தால் கீழே வத்தலக்குண்டிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில் இன்னொன்று இருக்கட்டும். பனிமூட்டம் நுழையும் ஜன்னலோரத்தில் கணினியை வைக்காதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள், ரவுட்டருக்குள் வரும் வெளிக் கேபிளைக் கழற்றிவிட்டு மெயினை அணையுங்கள். ரவுட்டருக்கும் சின்ன இன்வெர்ட்டர் ஒன்று வேண்டியிருப்பது அப்போது தெரியும். சற்று நேரம் கழித்துக் கரண்டைத் திரும்பக் கொடுங்கள். யாரும் ஒரு பட்டனைக்கூடத் தொடாமல் போனில் உங்கள் கோப்புகள் வருகின்றனவா? வந்தால் உங்கள் தேர்வு சரி. டெஸ்க்டாப் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.